சந்தோஷம் என்றொரு பேர்

கண்டி நகரத்தில் சிங்களம் பேசுகிற ஒருவர் ‘சந்தோசம்’ என்றால் பெரும்பாலும் காசைப் பற்றித்தான் பேசுகிறார். ஹோட்டலில் பெட்டி தூக்கியவருக்கும் லொறியிலிருந்து சாமான் இறக்கியவருக்கும் பேசிய கூலிக்கு மேலே கையில் வைக்கும் சில்லறைக்குச் சிங்களத்தில் அந்தப் பேர். மேசைக்கு அடியால் போகிற காசுக்கும் சிலவேளை அதே பேரை வைத்துவிடுகிறார்கள். மனம் மகிழ்ந்திருக்கிறது என்று சொல்ல வந்தால் அதே ஆள் ‘சந்தோசய’ என்பார், அல்லது ‘சத்துட்ட’ என்பார். ‘சந்தோசய’ வடமொழியிலிருந்து நேரே சிங்களத்துக்குப் போன சொல். ‘சந்தோசம்’ தமிழ் வழியாகச் சுற்றிப் போனது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ம்’ அதற்குச் சாட்சி. கொடுக்கிறவன் தமிழில் “சந்தோஷமாக் குடுக்கிறேன், வச்சுக்கோ” என்று சொல்லியிருப்பான். வாங்கினவன் கையிலிருந்த காசுக்கே அதைப் பேராக்கிவிட்டான் போலிருக்கிறது.

சொல்லுக்கு இது இறக்கமா ஏற்றமா என்று தீர்ப்புச் சொல்ல நான் அவசரப்படவில்லை. ஏனென்றால் இதே சொல் இதே மலைகளில் மனிதருக்கும் பேராக இருந்திருக்கிறது. புரட்டஸ்தாந்து சபைகளின் பழைய தலைமுறையில் சந்தோஷம் என்ற ஆண்களும், சந்தோஷம்மாள் என்ற பெண்களும் உண்டு. பேருக்கு மூலம் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் 5ஆம் அதிகாரம். அங்கே ஆவியின் கனிகள் என்று ஒன்பதைச் சொல்கிறார். முதல் மூன்றும் பழைய தமிழ் வேதாகமத்தில் அன்பு, சந்தோஷம், சமாதானம். மூன்றும் நெல்லைச் சீமையில் பிள்ளைகளுக்குப் பேராகிவிட்டன. விசுவாசம் என்றும் ஆட்கள் உண்டு. நீடிய பொறுமை என்றோ இச்சையடக்கம் என்றோ யாரும் பிள்ளைக்குப் பேர் வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. வீட்டுக்கு வீடு அதிகம் தேவைப்படுகிறவை அவைதான்.

இந்தப் பேர்கள் கண்டிக்கு வந்த வழி தெரிந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கிராமத்தாருக்கு மலைநாடு முழுவதுமே ‘கண்டிச்சீமை’. 1854இல் கண்டியை மையமாக வைத்து, தோட்டத் தமிழரிடையே சர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியம் தொடங்கியது. அதற்கு வைத்த பேர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. அன்றைக்கு யாருக்கும் அது உறுத்தவில்லை. திருநெல்வேலியில் ஏற்கெனவே ஊழியம் செய்திருந்த செப்டிமஸ் ஹொப்ஸ் அதற்குப் பொறுப்பேற்றார். நெல்லைச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். அது கோப்பிக் காலம். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை போட்டது 1867இல்தான். உபதேசியார் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு ஒவ்வொன்றாக நடந்து போய், வேலை முடிந்து களைத்திருக்கும் சனங்களைக் கூட்டி வைத்துப் பேசவேண்டும். அப்படி ஞானஸ்நானம் பெற்ற வீடுகளில் மாடன், கருப்பாயி போன்ற பேர்கள் போய், இந்தக் கனிகளின் பேர்கள் ஏறின.

தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கே தனிக் கணக்கு உண்டு. பிரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குப் போய், சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி. நிறை குறைந்தால் அரைப்பேர். சந்தோஷம் என்ற ஆளுக்கு அரைப்பேர் விழுந்த நாட்கள் எத்தனையோ இருந்திருக்கும்.

இனி சொல்லின் வேருக்குப் போவோம். வடமொழியில் ‘துஷ்’ என்பது வினைவேர். அடங்குதல், அமைதல், நிறைவுகொள்ளுதல் என்பது அதன் பொருள். ‘சம்’ என்ற முன்னொட்டு அதை முழுமையாக்குகிறது. ஆக, சந்தோஷம் பிறந்தபோது அதற்குத் துள்ளலும் இல்லை, சிரிப்பும் இல்லை. போதும் என்று அமர்ந்த மனத்துக்குத்தான் அந்தப் பேர். பதஞ்சலியின் யோகசூத்திரம் அதை நியமங்களில் ஒன்றாக வைத்தது. பயின்று பழகவேண்டிய ஒழுக்கம் என்ற கணக்கில். பாளியில் அதன் உடன்பிறப்பு ‘சந்துட்டி’. புத்தர் சொன்ன 38 மங்களங்களின் வரிசையில், மங்கள சுத்தத்தில், அது நிற்கிறது. கண்டியில் பிரித் ஓதும் இரவுகளில் ஒலிபெருக்கி வழியாக அந்தச் சொல் நம் வீடுகளுக்குள்ளும் வந்து போகிறது, நாம் கவனிப்பதில்லை. மேலே சொன்ன சிங்களச் ‘சத்துட்ட’வும் அந்தக் கொடியில் காய்த்ததுதான். தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே நிற்கிற தூய பவுல் ஆலயத்தில் ஆராதனைக்குப் போகும் தமிழர், மாளிகைப் பக்கம் ஒலிக்கிற சந்துட்டியையும் தம் வேதாகமத்தில் இருக்கிற சந்தோஷத்தையும் வேறு வேறு ஊர்ச் சொற்களாகவே நினைத்திருப்பார்.

வேதாகமத் தமிழில் இந்தச் சொல்லுக்கு ஒரு வேடிக்கை நேர்ந்திருக்கிறது. பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தில் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து வருகின்றன. நாலாம் வசனத்தில் மகிழ்ந்திருக்கச் சொல்கிறார். அங்கே பழைய மொழிபெயர்ப்பு சந்தோஷத்தைப் போட்டது. பதினோராம் வசனத்தில், எந்த நிலைமையிலும் உள்ளது போதும் என்றிருக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். சந்தோஷம் வேர்ப்பொருளோடு அப்படியே பொருந்தவேண்டிய இடம் அதுதான். ஆனால் அதற்குள் தமிழில் அந்தச் சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது. எனவே அங்கே ‘மனரம்மியம்’ என்ற அழகான, இன்று யாரும் பேசாத சொல் வந்து உட்கார்ந்தது. ஹென்றி பவர் குழுவினர் 1871இல் முடித்த திருப்புதல் இன்றும் வீடுகளில் வாசிக்கப்படுவதால், மனரம்மியம் பிரசங்க மேடைகளில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

பவுல் நாலாம் வசனத்தில் எழுதிய கிரேக்க வினைக்குப் பெயர்ச்சொல் ‘காரா’, மகிழ்ச்சி. அதன் வேரிலிருந்து பிறந்த இன்னொரு சொல் ‘காரிஸ்’, அருள். கிரேக்கக் காதுக்கு இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வாங்கிக்கொண்டவன் மகிழ்கிறான், அவ்வளவுதான். கண்டிச்சீமைக் கத்தோலிக்க வீடுகளில் இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டிய பேர் ஒன்று உண்டு: அருளானந்தம். அருள் என்பது காரிஸ், ஆனந்தம் என்பது காரா. இந்தக் கிரேக்கக் கணக்கைப் பார்த்து யாரும் வைக்கவில்லை. ஜோன் டி பிரிட்டோ என்ற போர்த்துக்கேய இயேசுசபைத் துறவி மதுரை மிஷனில் பண்டாரசாமியாராக உலாவியபோது வழங்கிய தமிழ்ப் பேர் அருளானந்தர். ஜோன், யோவான் என்ற எபிரேயப் பேருக்கே ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’ என்று பொருள். பேரின் முற்பாதி அதிலிருந்து வந்திருக்கக்கூடும். 1693 பெப்ரவரி 4ஆம் திகதி மறவர் நாட்டில் ஓரியூரில் அவரை வெட்டிக் கொன்றார்கள். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து தோட்டங்களுக்கு வந்த கத்தோலிக்கர் அந்தப் பேரைக் கையோடு கொண்டுவந்தார்கள்.

அந்த 1693இல் கண்டியில் ஒரு குருவானவர் காவலில் இருந்தார். கோவாவிலிருந்து வந்த கொங்கணியரான யோசேவ் வாஸ், தமிழ் கற்று, யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் கண்ணுக்குத் தப்பி ஊழியம் செய்து, 1692இல் கண்டிக்குள் வந்ததும் போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் ஆட்கள் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். காவலில் இருந்தபடியே சிங்களம் கற்றுக்கொண்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளுக்கு மருமகன் முறையான யோசேவ் கர்வாலோவோடு சேர்ந்து கஞ்சியும் மருந்தும் கொடுத்துப் பராமரித்தார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராக்கினார். முந்தின ஆண்டுகளில் ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ என்று தலைப்பிட்டுத் திருத்தூது ஊக்கவுரை விட்டவரும் அதே பாப்பரசர். வாஸ் சந்தோஷமாக இருந்தாரா என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? உள்ளே என்ன இருந்தது என்பது அவருக்கும் கடவுளுக்கும் தெரிந்தது. வெளியே தெரிகிறதெல்லாம், பொழுதைப் போக்க வேண்டிய சிறையில் ஒரு மொழியைக் கற்றார் என்பதுதான்.

‘பொழுதைப் போக்க’ என்றேனே, அந்த இடத்துக்கு இனி வருவோம். ஆனால் அதற்கு முன் கள்ளுக்கடைப் பக்கம் ஒருமுறை போய்வர வேண்டும்.

தமிழில் மகிழ்ச்சிக்கு உள்ள சொந்தச் சொற்கள் பலவற்றுக்கு வாயில் கள் நாற்றம் அடிக்கிறது. கள், களி, களிப்பு, களியாட்டம்: ஒரே வேர். குடித்து மயங்குவதே களித்தல். கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வள்ளுவர் கண்டிப்பது அதைத்தான். யோக்கியமாகத் தெரிகிற ‘மகிழ்’ கூடச் சங்கத் தமிழில் கள்ளையும் கள்ளின் மயக்கத்தையும் குறித்தது. அரசன் பகலில் கூத்தரோடும் பாணரோடும் கூடியிருந்த சபைக்கு நாள்மகிழ் இருக்கை என்று பேர். பொச்சாவாமை அதிகாரத்தில் வள்ளுவர் மகிழ்ச்சி மிகுந்து வரும் மறதியை வெகுளியைவிடக் கெட்டது என்கிறபோது, அந்தப் பழைய வாடை அவருக்கு நினைவிருந்திருக்கும்.

கண்டியைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் கித்துள் மரத்துப் பாளையைச் சீவி முட்டி கட்டுகிறவர்களைப் பார்த்தால் இந்தச் சொற்களின் கதை கண்ணுக்கு முன்னால் நடக்கும். பாளையிலிருந்து சொட்டுவது ஒரே தண்ணீர். சிங்களத்தில் ‘தெலிஜ்ஜ’, பதநீர். முட்டிக்குள் ஹல் மரப்பட்டையோ சுண்ணாம்போ போட்டிருந்தால் புளிக்காமல் நிற்கும், அதை இறக்கிக் காய்ச்சிக் காய்ச்சிப் பாணியாக்கலாம், இன்னும் வற்றவைத்துக் கருப்பட்டியாக்கலாம், மாதக்கணக்கில் இருக்கும். ஒன்றும் போடாமல் விட்டால் அன்றைக்கே நுரைத்துக் கள்ளாகும். அன்றைக்கே குடிக்கவேண்டும், நாளைக்கு அது காடி. வேதாகமத் தமிழ் ‘களி’யை நடத்திய விதமும் இதுதான். கலாத்தியர் 5இல், கனிகளுக்கு ஒரு வசனம் முன்னால், மாம்சத்தின் கிரியைகளில் ஒன்றாக ‘களியாட்டு’ வருகிறது. கிரேக்கத்தில் ‘கோமோய்’, குடித்துக் கூட்டமாகத் தெருவில் ஆடிப்போவது. அதே களி சங்கீதப் புத்தகத்தில் ‘களிகூருதல்’ ஆகித் தேவசந்நிதியில் நிற்கிறது. மொழிபெயர்த்தவர்கள் ஒரு சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு புனிதமான சொல் தேடிப் போகவில்லை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் சந்தோஷத்தை மாற்றி மகிழ்ச்சி என்று எழுதியது. களியாட்டத்தை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது.

அந்தக் களியாட்டத்துக்கு இலங்கையில் வரியும் உண்டு. தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டில் வாங்கியது ‘கேளிக்கை வரி’. நம் உள்ளூராட்சிச் சபைகளின் தமிழில் அது ‘களியாட்ட வரி’. பவுல் தள்ளிவைத்த காரியத்துக்கு நகரசபை ரசீது எழுதுகிறது. பக்கத்து நாட்டில் இன்னும் ருசியான ஒன்று: சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேளிக்கைப் பூங்கா வைத்த விஜிபி குழுமத்தாரில் ஒருவர் பேர் வி.ஜி. சந்தோசம்.

கேளிக்கையின் தோழர்களில் எனக்குப் பிடித்தமானது ‘விநோதம்’. தமிழில் இன்று விநோதம் என்றால் விசித்திரம். அது பிற்காலத்துப் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீராசாமிச் செட்டியார் தம் புத்தகத்துக்கு ‘விநோதரசமஞ்சரி’ என்று பேரிட்டபோது சுவையான பொழுதுபோக்கு என்ற பொருள் உயிரோடிருந்தது. சிங்களத்தில் அது இன்னும் சாகவில்லை: பாடசாலை விடுமுறையில் கண்டி வாவியைச் சுற்றி வரிசையாக நிற்கிற பஸ்கள் ‘வினோத சாரிகா’வுக்கு வந்தவை. இலங்கைத் தமிழில், ஞாயிறு பாடசாலை விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகளுக்கு வேஷம் கட்டி நிறுத்துகிற ‘வினோத உடை’யில் இரண்டு பொருளும் கலந்து கிடக்கின்றன. வடமொழி வேர் ‘நுத்’: தள்ளு, விரட்டு. ‘வி’ சேர்ந்தால் அப்பாலே விரட்டு. எதை விரட்டுவது? களைப்பை, கவலையை, நேரத்தை. தமிழ்ப் ‘பொழுதுபோக்கு’ம் அதே வேலையைத்தான் செய்கிறது: பொழுது நம் மேலே வந்து குந்தியிருக்கிறது, அதைப் போகப்பண்ண வேண்டும். பிரெஞ்சு ஞானி பஸ்கால் பதினேழாம் நூற்றாண்டில் மனிதன் சும்மா ஓர் அறையில் இருக்க முடியாமல் ஓடுவதைப் பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்ட சொல்லுக்கும் ‘திசைதிருப்பல்’ என்றுதான் நேர்ப்பொருள்.

என் கணக்கில், பிரசங்கியார்கள் ‘உலக சந்தோஷம் வேறே, கர்த்தருக்குள் சந்தோஷம் வேறே’ என்று ஒவ்வொரு கன்வென்ஷனிலும் பிரித்துக் காட்டுகிற பிரிவு இந்த வேர்களிலேயே விழுந்துவிட்டது. விநோதத்துக்கும் பொழுதுபோக்குக்கும் விரட்டுவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். விரட்டியது திரும்பி வரும். மறுபடி விரட்ட வேண்டும். துஷ் என்ற வேரில் விரட்டல் இல்லை. இருப்பதோடு அமர்வது மட்டும் இருக்கிறது. சைவத்திலிருந்து கடன் வாங்கிச் ‘சிற்றின்பம், பேரின்பம்’ என்று சிறிது பெரிதாக அளந்து சொல்கிறவர்களைவிட இது எனக்குத் தெளிவாகப் படுகிறது. அளவில் என்ன இருக்கிறது? ஒரு லயத்து அறையில் மழை நேரத்துத் தேத்தண்ணி மிகச் சிறியதுதான். அதில் எதையும் விரட்டவில்லை.

சிரிப்பைப் பாவமாக்குகிறவர்களுக்கு நான் இடம் கொடுத்ததாக நினைக்கவேண்டாம். வேதத்தில் மகிழ்ச்சிக்கு வைத்த மிகப் பழைய பேர்களில் ஒன்று சிரிப்பிலிருந்தே பிறந்தது. ஈசாக்கு, எபிரேயத்தில் இட்ஸ்ஹாக்: ‘அவன் நகைப்பான்’. நூறு வயதில் பிள்ளை என்றதும் ஆபிரகாம் குப்புற விழுந்து சிரித்தார். கூடார வாசலுக்குப் பின்னால் நின்று கேட்ட சாராள் தனக்குள்ளே சிரித்தாள். கேட்டதும் சிரிக்கவில்லை என்று பொய்யும் சொன்னாள். நம்பாத சிரிப்பு அது. பிள்ளை பிறந்ததும் அதே சிரிப்பு வேறாகிவிட்டது. கேட்கிறவர்களெல்லாம் தன்னோடுகூடச் சிரிப்பார்கள் என்றாள். லோத்துவின் மருமக்கள் அவர் எச்சரிக்கையைப் பரிகாசம் என்று நினைத்ததும் எபிரேயத்தில் அதே வினை. யாத்திராகமம் 32இல் பொன் கன்றுக்குட்டியைச் சுற்றிச் சனங்கள் தின்று குடித்து விளையாட எழுந்ததாக வருகிற இடத்திலும் அதே வினை. ஒரே வேர் ஒரு பக்கம் ஈசாக்கு, ஒரு பக்கம் கன்றுக்குட்டி.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டைச் சொல்லும்போது நகையை முதலில் வைத்தார், உவகையைக் கடைசியில் வைத்தார். இரண்டும் ஒன்றென்று அவருக்குப் படவில்லை. எள்ளலிலும் பேதைமையிலும் நகை பிறக்கும் என்றார். உவகை பிறக்கும் இடங்களில் விளையாட்டையும் சேர்த்தார். விளையாட்டிலிருந்து உவகை வரலாம் என்று இலக்கணம் சொன்ன மொழியில், கிறிஸ்மஸ் கெரல் போகிற பையன்கள் லயத்து வாசலில் கொஞ்சம் அதிகமாகக் கூத்தடித்ததற்குச் சபை மூப்பர்கள் முகம் சுளிப்பது எனக்கு விநோதமாக இருக்கிறது, இன்றைய தமிழ்ப் பொருளில்.

கத்தோலிக்கர் செபமாலையில் பழைய வழக்கப்படி ‘சந்தோஷ தேவ இரகசியங்கள்’ ஐந்து. இப்போது திங்களும் சனியும் சொல்லுகிறவை. பட்டியலைச் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். நாலாவது, பாலனை ஆலயத்தில் காணிக்கையாகக் கொடுத்தது. அங்கேதான் முதியவரான சிமியோன் தாயின் உள்ளத்தை வாள் ஊடுருவும் என்று சொல்கிறார். ஐந்தாவது, பன்னிரண்டு வயதில் காணாமற்போன பிள்ளையை மூன்றாம் நாள் கண்டுபிடித்தது; தொலைத்த தாய் தகப்பன் எருசலேமுக்குத் திரும்பி ஓடித் தேடிய நாட்களும் அதற்குள் அடக்கம். துக்க இரகசியங்கள் என்று தனியே ஐந்து இருக்க, இவற்றைச் சந்தோஷத்தில் சேர்த்தவர்களுக்குக் கணக்குத் தவறவில்லை. யோவான் 16இல் இயேசு சீஷருக்குச் சொல்வதும் பிரசவ வலியோடு சேர்ந்து வருகிற சந்தோஷம்தான். ஒருவரும் எடுத்துப்போட முடியாதது என்று அவர் சொன்னது அதை.

மார்கழியில், திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு ‘கௌதேத்தே’ ஞாயிறு. லத்தீனில் மகிழுங்கள் என்று பொருள். ஊதாத் திரிகளுக்கு நடுவே ஒரு ரோஜாநிறத் திரியை அன்றைக்குக் கொளுத்துவார்கள். கண்டியில் அது தலதா வீதியில் விலைக்குறைப்புப் பலகைகள் தொங்கி, நடைபாதையில் கால் வைக்க இடமில்லாத வாரம். கௌதேத்தேயின் உறவுக்காரச் சொல் ‘கௌதியா’ பழைய பிரெஞ்சில் ‘ஜோய’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஜோய்’ ஆயிற்று. இப்போது மலைநாட்டுச் சபைகளில் ஞானஸ்நானத் தொட்டியருகே கேட்கிற பேர் அதுதான். சந்தோஷம் என்று பிள்ளைக்கு வைத்தால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள், அதுவும் சிங்களம் தெரிந்த பிள்ளைகள் நடுவில். ஆனால் நம் வழக்கத்தில் தகப்பன் பேர் முன்னால் வரவேண்டும். தகப்பன் பழைய ஆளாக இருந்தால், பிறப்புப் பதிவில் பிள்ளை ‘சந்தோஷம் ஜோய்’ என்று ஏறும். பதிகிற லிகிதருக்கு அதில் ஒரே சொல் இரண்டு முறை வந்ததாகத் தோன்றாது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முத்திரை குத்துவார்.